ரேகை பதியும்வரை

எங்கள் தெருவில் வெள்ளம் வந்தபோது என் கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. மூன்று படி உயரம் காப்பாற்றியது. நேர் எதிரே பள்ளத்தில் இருந்த லாண்டரிக்குள் இடுப்பளவு ஏறி, இரண்டு நாள் குடியிருந்துவிட்டுத்தான் போனது. அந்த இரண்டு நாளும் நான் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, படி வைத்துக் கட்டிய என் அப்பாவை மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். இதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, கைரேகை எடுத்துக் கொடுப்பது. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அது இரண்டு பக்கக் காகிதமாகி என் மேஜைக்கு வந்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் நன்றாக வியாபாரம் நடந்த ஒரே கடை என்னுடையது.

எதிர்க்கடைக்காரனை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சட்டைக் கையில் நிற்கிற மடிப்பு மழையில் நனைந்தாலும் கலையாது என்று ஒரு பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். ஆகவே அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். பதினாலு வருஷமாக அந்த உறவுக்கு ஒரு குறையும் வந்ததில்லை, அவன் அவ்வப்போது டீக்குக் காசு கொடுக்காமல் நழுவுவதைத் தவிர.

தண்ணீர் வடிந்த அன்று காலை கடையைத் திறந்தார்கள். பெரிய சலவை மெஷினின் கதவை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு குடம் சேறு கொட்டியது. மோட்டார் போயிருந்தது. பிழிகிற மெஷினும் அப்படியே. அலமாரியின் கீழ்த்தட்டில் நர்ஸிங் ஹோம் விரிப்புகள் நூற்று நாற்பது, சேற்றோடு சேறாகக் கிடந்தன. மடிப்பு தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். அவள் உட்காரவில்லை. பின்கட்டில், தெருவிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில், பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதில் வேண்டாத சாமான்தான் கிடக்கும். எல்லாவற்றையும் வெளியே எறிந்து, தொட்டியைத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, சலவைச் சோடாவைக் கரைத்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள்.

நூற்று நாற்பதும் வெளுத்து, நீலம் போட்டு, எண்ணிக்கை குறையாமல் நாலாம் நாள் நர்ஸிங் ஹோமுக்குப் போயின. மேற்பார்வையாளர் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாராம்.

அப்புறம் ஒரு மாதம் அந்தத் தொட்டியில்தான் கடை நடந்தது. அவள் மிதிப்பாள், அலசுவாள். அவன் தண்ணீர் இறைப்பான், மூட்டை சுமப்பான், இஸ்திரி போடுவான். பிழிவதற்கு மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக முறுக்குவார்கள். வானம் தெளியவே இல்லை. மொட்டைமாடியில் காயப்போட்டு அரைமணி ஆவதற்குள் தூறல் விழும், ஓடிப்போய் எடுப்பாள், தூறல் நிற்கும், மறுபடி போய்ப் போடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் படியை ஏறி இறங்கினாள் என்று எண்ணத் தொடங்கி, பதினெட்டில் விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாடு நின்றுகொண்டே இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு வேகவைத்த முட்டையும். அதையும் அவள் கையால் பிட்டுச் சாப்பிட மாட்டாள். சோடா நாற்றம் ரொட்டியில் ஏறிவிடும் என்று விரல்நுனியால் தொட்டும் தொடாமலும் வாயில் போட்டுக்கொள்வாள்.

இதில் எனக்குக் கவலை தந்த விஷயம் வேறு. போன வருஷம் இதே மாதம்தான் அவளுக்குக் கருப்பையை எடுத்தார்கள். பாரம் தூக்கக்கூடாது, ஈரத்தில் நிற்கக்கூடாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். மடிப்பும் பயபக்தியோடு தலையாட்டினான். மெஷின் இருந்தவரை அதைக் கொஞ்சமாவது காப்பாற்ற முடிந்தது. இப்போது நாளெல்லாம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். சாயங்காலமானால் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா, சும்மா பிடிக்குது" என்பாள். புது மெஷின் வந்தாக வேண்டும். இல்லையென்றால் இவள் ஒருநாள் தொட்டியிலேயே விழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அரசாங்கம் சிறு தொழில்களுக்கு அவசரக் கடன் அறிவித்தது. ஒரு தாளில் ஏழு தகுதிகள். அந்தத் தாளை நான் மட்டும் இருநூறு பிரதி எடுத்து விற்றேன். முதல் பிரதியை மடிப்பிடம் கொடுத்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். கடை வெள்ளத்துக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், ஆகியிருந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு இருக்கக்கூடாது, ஒருவரும் இல்லை. பழைய கடன் நிலுவை இருக்கக்கூடாது, அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று வந்தவன் ஐந்தாவதில் மாட்டிக்கொண்டான். வெள்ளம் வந்த மாதத்து வரும்படி, போன வருஷம் அதே மாதத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருக்க வேண்டும்.

"குறையாமலா இருக்கும்? கடையே முழுகிப்போச்சே மச்சான்" என்றான்.

பில் புத்தகங்களோடு அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா தட்டித் தட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குறையலையே. இருநூத்திச் சொச்சம் கூடல்ல இருக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. போன வருஷம் அந்த மாதத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினேழு நாள் லாண்டரிக்குப் பூட்டு. அந்த மெலிந்த மாதத்தோடுதான் இந்த வெள்ள மாதத்தை ஒப்பிடுகிறார்கள். இந்த மாதமோ அவள் மிதித்து மிதித்து ஒரு வாடிக்கையைக்கூட விடாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

கடைக்குத் திரும்பி வந்து சொன்னோம். அவள் தொட்டிக்குள் நின்றபடியே கேட்டாள். மிதிக்கிற கால் நிற்கவில்லை.

"அப்ப, போன வருஷம் நான் படுத்ததும் தப்பு, இந்த வருஷம் படுக்காததும் தப்பு. அப்படித்தானேண்ணா?"

"அப்படித்தாம்மா கணக்கு வருது."

"நல்ல கணக்கு" என்றாள். ஓர் ஓரமாக இருந்த விரிப்பை இழுத்துக் காலடியில் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தாள்.

அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருவருக்கு முன்பக்கத்தையே இரண்டு முறை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் அந்தக் கடன் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒப்பிடும் மாதத்தில் உரிமையாளரோ, பங்குதாரரோ, அங்கே வேலை செய்பவரோ நோய்வாய்ப்பட்டுக் கடை மூடியிருந்தால், அதற்கு முந்தைய மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிச் சான்று இணைக்க வேண்டும்.

தெருவைத் தாண்டி ஓடினேன். மடிப்பு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அவள வேலைக்காரின்னு எழுதணுமா?"

"வேலை செய்றவன்னு எழுதினா சம்பளம் எங்கன்னு கேப்பான். பதினாலு வருஷத்துல ஒரு மாசமாவது சம்பளம் கொடுத்திருக்கியா?"

"பொண்டாட்டிக்கு எவனாச்சும் சம்பளம் கொடுப்பானா?"

"அப்ப பங்குதாரர்னு எழுதணும். கடையில பாதி அவளுதுன்னு நீ கையெழுத்துப் போடணும்."

"பொண்டாட்டியப் போய் பங்காளியாக்கச் சொல்றியே மச்சான். அண்ணன் தம்பி பங்காளியானதுக்கே எங்க வீட்ல இன்னும் பேச்சுவார்த்தை இல்ல."

"சிரிப்பெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரிப் பேப்பர எடு."

பரணிலிருந்த டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தான். பிரித்துப் பார்த்தேன். சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அன்று அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். அவனுக்குக் கை நடுங்குகிறது என்று படிவத்தை வாங்கி நிரப்பியவனும் நான். தொழில் என்ன போட என்று கேட்டதற்கு, "அவளுக்கு என்ன தொழில்? நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அவள் சோடாவில் கை வைத்து நான் பார்க்காத நாளே கிடையாது. இருந்தும் பேனாவை ஓட்டிவிட்டேன். அது மட்டுமா? ரேஷன், பள்ளிக்கூடம், வங்கி என்று எத்தனை படிவத்தில் எத்தனை பெண்களுக்கு இப்படி எழுதியிருப்பேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

விண்ணப்பத்தைப் பங்குதாரர் என்றே எழுதிக் கொடுத்தோம். நேரில் பார்க்க அதிகாரி வருவார் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. ஆறு நாள் மடிப்பு தெருமுனைக்கும் கடைக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தான். நடுவில் நர்ஸிங் ஹோம் மேற்பார்வையாளர் போன் செய்தார். கையால் துவைப்பது எத்தனை நாள் ஓடும், இருபத்தைந்தாம் தேதிக்குள் கடன் கிடைத்ததாகக் காகிதம் காட்டினால் பொறுக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண். தோளில் கனமான பை, நனைந்த காலணி, நின்று நின்று அலுத்த முகம். சுவரைப் பார்த்தார்.

"வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சு?"

மடிப்பு இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினான். சுவர் பளிச்சென்று இருந்தது.

"கோடே காணோமே?"

"கழுவிட்டோம் மேடம். வெள்ளைத் துணி தொங்கவிடற இடத்துல சேறு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அதோடு அது முடிந்தது. அப்புறம் மடிப்பிடம் கேட்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு? ஒரு தொட்டிக்கு எவ்வளவு சோடா? மடிப்பு ஒவ்வொரு கேள்விக்கும் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கேயிருந்து பதில் வந்தது.

"முப்பத்தஞ்சு மேடம், வெயில் இருந்தா நாப்பது. சோடா ரெண்டு கை. ரத்தக் கறை உள்ளத மட்டும் தனியா பச்சைத் தண்ணியில ஊறப்போடணும். சுடுதண்ணி பட்டா கறை பிடிச்சுக்கும், அப்புறம் என்ன செஞ்சாலும் போகாது."

அதிகாரி பின்கட்டுக்கே போய்விட்டார். தொட்டியையும் அதில் நின்றவளையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்தார்.

"இவங்க பங்குதாரர்னு விண்ணப்பத்துல இருக்கு. இதுல தொழில் இல்லைன்னு இருக்கு. ரெண்டும் ஒரே கையெழுத்து. யாரோடது?"

"என்னோடது மேடம்" என்றேன்.

"எது பொய்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மடிப்பு முன்னால் வந்தான்.

"அவர் மேல தப்பில்ல மேடம். நான் சொன்னதத்தான் எழுதினார். பொண்டாட்டி வீட்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டா கௌரவம்னு நெனச்சேன். இவ படுத்த பதினேழு நாளும் எனக்குக் கடையத் திறக்கத் தெரியல. திறந்தா என்ன செய்யறதுன்னே தெரியல. அதான் பூட்டினேன். பாதி இவளுது மேடம், எழுதிக்கோங்க. பாதிக்கு மேலயே இருக்கும்."

அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அவனைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றது சரி, எனக்கு ஆதாரம் வேணுமே" என்றார் அதிகாரி. "முதல்ல இவங்க ரேகைய எடுத்துக்கறேன்."

கைக்கடக்கமான ஒரு கருவியை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். சிவப்பு. இடது பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. பத்துக்கும் சிவப்பு. அதிகாரி அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல்நுனி ஒவ்வொன்றும் தோல் உரிந்து, வெளுத்து, வழுவழுவென்று இருந்தது. அதில் ஒரு கோடு கிடையாது. தினமும் பார்க்கிற கைதான். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிகாரி கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு கருவியின் திரையை எங்கள் பக்கம் காட்டினார்.

"ரேகை விழலைன்னா ஏன்னு இது கேக்கும். வயசா, காயமா, நோயா, தொழிலா, நாலுல ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

தொழில் என்பதைத் தொட்டார். கருவி ஏற்றுக்கொண்டது.

"இதவிட ஆதாரம் எனக்கு வேண்டாம். போன வருஷம் முந்தின மாசத்த வெச்சே கணக்கு எடுத்துக்க எழுதிடறேன். ஆனா ஒண்ணு. பங்குதாரர்னு எழுதினதால வங்கியில ரெண்டு பேர் ரேகையும் பதியணும். அங்க இந்த சலுகை கிடையாது. இருபத்தஞ்சாம் தேதி கடைசி."

"இருபத்திரண்டு நாள்தானே இருக்கு. அதுக்குள்ள ரேகைக்கு எங்க போறது?" என்றான் மடிப்பு.

"எங்கயும் போக வேண்டாம். தண்ணியும் சோடாவும் படாம இருந்தா தானா வளரும். எங்க அம்மாவுக்கு வந்துச்சு. அவங்க கை தண்ணியில படவே கூடாது, புரியுதா? ஒரு டம்ளர்கூடக் கழுவக்கூடாது."

டாக்டர் சொன்னபோதும் அவன் தலையாட்டினான். ஆனால் இந்த முறை ஆட்டியதோடு நில்லாமல், காலணியைக் கழற்றிவிட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான்.

மறுநாளிலிருந்து தெருவுக்கே வேடிக்கை. தொட்டிக்குள் மடிப்பு, தொட்டிக்கு வெளியே நாற்காலியில் அவள். விரலெல்லாம் வாஸ்லின் பூசிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்க நெயில் பாலீஷ் காயவைக்கிற சினிமாக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் மேகம் பார்ப்பாள், வந்து உட்காருவாள். என் கடைக்கு வந்து பழைய பேப்பர்களை மடித்து மடித்து அடுக்குவாள். மடிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

"நீலம் திட்டுத் திட்டா விழுது பாருங்க. கலக்கிட்டு ஊத்துங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"நீ வாய மூடிக்கிட்டு ரேகைய வளத்துக்க."

"குதிகால்ல மிதிக்காதீங்க, துணி கிழியும். முன்னங்கால்ல மிதிங்க. இடுப்பு அசையணும், உங்களுக்கு தலதான் அசையுது."

நாலாம் நாள் அவனால் என் கடையின் மூன்று படியை ஏற முடியவில்லை. கீழேயே நின்றுகொண்டு டீ கேட்டான். சட்டைக் கையில் மடிப்பு இல்லை. பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"இடுப்பு கழண்டு போச்சு மச்சான். ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. இத்தன வருஷத்துல ஒருநாள் வலிக்குதுன்னு அவ சொன்னதில்லையே."

"நீ கேட்டியா?"

"நீ கேட்டியா?" என்றான் பட்டென்று.

அன்றைக்கு டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

இரண்டாவது வாரம் தொடங்கியதிலிருந்து அவள் தினமும் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வருவாள். என்னிடமிருந்த ரேகை எடுக்கும் மெஷினில் பெருவிரலை வைப்பாள். சிவப்பு எரியும். எதிரே தொட்டியிலிருந்து அவன் கத்துவான், "பதிஞ்சுதா மச்சான்?" நான், "இல்ல மாப்ள, இன்னும் பதியல" என்பேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. தேதி ஓட ஓட எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து விரிப்புக்கு மேல் அவனால் ஒரு நாளில் முடியவில்லை. லாட்ஜ் ஒன்றிலிருந்து வந்த அழுக்கு மூட்டைகள் ஓரமாகக் குவிந்தன. இருபத்தொன்றாம் தேதி அவள் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல்தோல் பொரிந்து, அடியில் நூலிழை போல் இரண்டு மூன்று வளைவுகள் தெரிந்தன. அவள் விரலை அப்படியே மெஷினில் வைத்து அழுத்தினேன். மெஷினுக்கு அது போதவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி வழக்கம்போல் வந்தாள். விரலை வைத்தாள். பச்சை எரிந்தது.

நம்ப முடியாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். மறுபடி பச்சை. திரையில் அவள் பெருவிரல் ரேகை சுழி சுழியாக, தெளிவாக நின்றது. அவள் குனிந்து பார்த்தாள்.

"என்னோடதாண்ணா இது?"

"உன்னோடதுதாம்மா. உன்னுதேதான். இரு, அவன்கிட்ட சொல்றேன்" என்று வாசலுக்குத் திரும்பினேன்.

"அண்ணா."

நின்றேன். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"மெஷின் எப்ப வரும்?"

"பணம் கட்டி பத்து நாள் ஆகும்னு மெஷின் விக்கிறவன் சொன்னான்."

"அந்தப் பத்து நாளும் நான்தான இறங்கணும். பதிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அவர் இன்னிக்கே தொட்டிய விட்டு ஏறிடுவார்." விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். "கடைசித் தேதி நாளன்னிக்குத்தான? நாளன்னிக்கு காலையில நானே வந்து வெக்கறேன். அதுவரைக்கும் பதியலன்னே சொல்லேன்."

என் கண்ணைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பதினாலு வருஷத்தில் அவள் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

எதிரேயிருந்து சத்தம் வந்தது. "மச்சான், பதிஞ்சுதா?"

நான் வாசலுக்குப் போய், இரண்டு கையையும் விரித்து, "இல்ல மாப்ள, இன்னும் பதியல" என்றேன். அவன் எதையோ திட்டிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினான்.

திரும்பி வந்தபோது அவள் என் நாற்காலியில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். ஐந்து நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பிரதி எடுக்க வந்தவரை, மெஷின் சத்தம் போடுமே என்று, ஒரு மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்தேன்.